டியூன் போட்ட டீசல் பிக்கப், பின்னால் ஃபிஃப்த் வீல், ஏற்றத்தில் முள் ஏறுது

ஜூன் 8, 2024 (கேள்வி)

அண்ணா, வண்டி 2005 சில்வராடோ 2500 எச்டி பிக்கப், டியூராமேக்ஸ் எல்எல்ஒய் டீசல் எஞ்சின், ஆக்ஸில் கியர் விகிதம் 3.73. வாங்கும்போதே டியூனரோட (எஞ்சின் புரோகிராமை மாத்தி சக்தியைக் கூட்டற கருவி) வந்தது. நாலு லெவல் இருக்கு, மூணுல வச்சு ஓட்டறேன். பின்னால 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் தொட்டிக்குள்ள மாட்டி இழுக்கிற பெரிய டிரெய்லர். பீனிக்ஸ்ல இருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போறப்ப, ஐ-17ல பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயின்ட் ஏற்றத்துல கூலன்ட் சூட்டைக் காட்டற முள் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டை விட்டுக் கிளம்பி 240 பக்கம் போயிடுது. டிரெய்லர் இல்லாம ஓட்டினா ஒரு பிரச்சினையும் இல்லை. தெர்மோஸ்டாட் ரெண்டும், வாட்டர் பம்பும், கூலன்ட்டும் மாத்தியாச்சு. இஜிடி (எஞ்சின்ல இருந்து வெளியே போற புகையோட சூடு) 1,200-ஐத் தாண்டவே இல்லை, அதனால டியூன் காரணம் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கிடவா?

ஜூன் 8, இரவு

ரேடியேட்டர் வாங்காதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. ஆயிரம் டாலருக்கு மேல போட்டு வாங்கினவங்க பலர் அடுத்த கோடையில அதே ஏற்றத்துல ஓரமா நின்னதைப் பார்த்திருக்கேன்.

"இஜிடி சரியா இருக்கு, அதனால டியூன் காரணம் இல்லை"ங்கிறது தப்பான கணக்கு. இஜிடி சொல்றது சைலன்சர் வழியா வெளியே போற சூட்டை. கூலன்ட் முள் சொல்றது எஞ்சின் உள்ளேயே வாங்கிக்கிட்ட சூட்டை. ஒண்ணு நல்லா இருக்கும்போதே இன்னொண்ணு கெட்டுப் போகலாம். விவரமா நாளைக்கு எழுதறேன். அதுக்குள்ள ரெண்டு விஷயம் சொல்லுங்க: ஏற்றத்துல எத்தனை மைல் வேகம், எந்த கியர்?

ஜூன் 9

65 மைல், நாலாவது கியர்னு பதில் போட்டிருக்கீங்க. பாதி விடை அதிலேயே இருக்கு.

கணக்கைப் பார்ப்போம். வண்டியும் டிரெய்லரும் சாமானும் சேர்ந்து ஏறக்குறைய 9 டன். ஏற்றம் 6 சதவீதம்னு வச்சுக்கலாம். 50 மைல் வேகத்துல ஏற, மேல தூக்கறதுக்கு மட்டும் சுமார் 118 கிலோவாட். டயர் உருள்றதுக்கு 20. காத்தைக் கிழிக்க 30-க்கு மேல, ஃபிஃப்த் வீல் முகப்பு அவ்வளவு பெரிசு. சக்கரத்துல 170, கியர்பாக்ஸ் ஆக்ஸில் நஷ்டம் போக எஞ்சின் 200 கிலோவாட் தரணும். அது கிட்டத்தட்ட 270 குதிரைசக்தி. கம்பெனி கொடுத்த எல்எல்ஒய் மொத்தமே 310. அதாவது டியூன் இல்லாத வண்டி அந்த ஏற்றத்துல 50-ஐக் கொஞ்சம் தாண்டும்போதே மூச்சு முட்டிடும்.

இப்ப உங்க 65. தூக்கறதுக்கு 154, டயருக்கு 26, காத்துக்கு 70-க்கு மேல. எஞ்சின் 300 கிலோவாட் பக்கம் தரணும், 400 குதிரைசக்தி. டியூன் இருக்கிறதால வண்டி அதைத் தருது. தர முடியாத வண்டிக்கு இந்தப் பிரச்சினையே வராது. டியூன் இல்லாத வண்டி ஏற்றத்துல தானே வேகம் குறைஞ்சு தன்னைக் காப்பாத்திக்கும். டியூன் அந்தக் காவலை எடுத்துடுது. இந்த இழையில வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

சூடு எவ்வளவுன்னும் பார்த்துடலாம். ஒரு லிட்டர் டீசல்ல ஏறக்குறைய 10 கிலோவாட் மணி இருக்கு. அதுல மூணுல ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ சக்கரத்துக்குப் போகும். மீதியில பெரும்பங்கு சைலன்சர்ல போகும். மொத்தத்துல கால் பங்குக்குக் குறையாம கூலன்ட்டும் இன்டர்கூலரும் (டர்போ அழுத்தின காத்தை எஞ்சினுக்குள்ள போறதுக்கு முன்னால குளிர வைக்கிறது) வாங்கிக்கும். 50 மைல்ல அது 135 கிலோவாட். வீட்டுல குளிருக்கு வைக்கிற 1,500 வாட் ஹீட்டர் தொண்ணூறை உங்க கிரில்லுக்குப் பின்னால வரிசையா வச்ச மாதிரி. 65-ல அந்த ஹீட்டர் எண்ணிக்கை 130-க்கு மேல போயிடும்.

டிரெய்லர் இல்லாம மூணாவது லெவல்ல மிதிச்சா இதே 400 குதிரை வரும்தான், ஆனா அஞ்சாறு வினாடிக்கு. அந்தச் சூட்டை எஞ்சின் இரும்பும் அதுக்குள்ள இருக்கிற தண்ணியும் உள்வாங்கிக்கும், முள்ளுக்குத் தெரியவே தெரியாது. ஏற்றத்துல அது பத்து நிமிஷம் விடாம நடக்குது.

ஜூன் 9, இரண்டு மணி நேரம் கழிச்சு

மேல போட்ட கணக்குல காத்து சம்பந்தப்பட்ட எண் தோராயம்தான். மேடு ஏற ஏற, வெயில் ஏற ஏற காத்து லேசாகும், இழுவைத் தடை கொஞ்சம் குறையும். ஆனா அதே லேசான காத்துதான் ரேடியேட்டரையும் குளிர வைக்கணும். அந்தப் பக்கம் லாபம்னா இந்தப் பக்கம் நஷ்டம்.

ஜூன் 11

இஜிடி விஷயத்துக்கு வர்றேன்.

பழைய காலத்து டியூனர்கள் எரிபொருளை மட்டும் கூட்டும். காத்து போதாம கருப்புப் புகை வரும், இஜிடி ஜிவ்வுன்னு ஏறும். டர்போவுக்கு முன்னால 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல தொடர்ந்து ஓட்டாதேன்னு எல்லாரும் சொல்ற வரம்பு அதுக்காக வந்தது. பிஸ்டன் அலுமினியம், அதைக் காப்பாத்தறது அடியில இருந்து பீச்சற ஆயில்தான்.

அப்புறம் வந்த டியூன் எல்லாம் டைமிங்கையும் முன்னால தள்ளும். டீசல் கொஞ்சம் சீக்கிரமே எரிய ஆரம்பிச்சா, எரிஞ்சு முடிச்ச வாயு சிலிண்டருக்குள்ள அதிக நேரம் இருக்கும். வேலை கூடக் கிடைக்கும், இஜிடி குறையும். பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்த நேரம் முழுக்க சூடான வாயு சிலிண்டர் சுவரையும் ஹெட்டையும் தொட்டுக்கிட்டே இருக்கு, அழுத்தமும் கூடுது. சைலன்சர்ல போயிருக்க வேண்டிய சூட்டுல ஒரு பகுதி கூலன்ட் பக்கம் திரும்பிடுது. இஜிடி காட்டற பைரோமீட்டர் 1,150 காட்டும், டேஷ்போர்டுல இன்னொரு முள் 230 தாண்டும். ரெண்டுமே உண்மை.

அதனால டோயிங் டியூன்னு, அதாவது டிரெய்லர் இழுக்கறதுக்குன்னே, தனியா எழுதறவங்ககிட்ட கேட்க வேண்டியது "எத்தனை குதிரை" இல்லை. முழு லோடுல டைமிங் எவ்வளவு, கூலன்ட் சூடானா எரிபொருளைத் தானே குறைக்குமா, இந்த ரெண்டும்தான். கம்பெனி புரோகிராம்ல அந்தக் குறைப்பு உண்டு. சில டியூன்கள்ல அதைத் தள்ளிப் போட்டிருப்பாங்க, சிலதுல எடுத்தே விட்டிருப்பாங்க. உங்களுதுல எப்படின்னு அதை எழுதினவர்கிட்டயே கேளுங்க. வாங்கின வண்டியோட வந்த டியூன்னா யார் எழுதினதுன்னே தெரியாம இருக்கும். அப்படின்னா மலை ஏற அதை நம்பாதீங்க.

ஜூன் 12

இன்னிக்கு ஒரே ஒரு வேலை. எஞ்சின் ஆறின பிறகு கிரில்லைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. முன்னால நிக்கறது ஏசி கண்டென்சரும் கியர்பாக்ஸ் ஆயில் கூலரும், அப்புறம் இன்டர்கூலர், கடைசியாதான் ரேடியேட்டர். முன்பக்கம் பளிச்சுன்னு இருந்தா ஏமாந்துடாதீங்க. பார்க்க வேண்டியது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு.

ஜூன் 15

தம்பி போட்ட படத்தைப் பார்த்தீங்களா எல்லாரும்? ஃபேனைச் சுத்தி இருக்கிற ஷ்ரவுடைக் கழட்டி, இன்டர்கூலரை முன்னால சாய்ச்சு எடுத்த படம். ரேடியேட்டர் முகத்துல கீழ் மூணுல ஒரு பங்கு சாம்பல் நிறத்துல கம்பளி விரிச்ச மாதிரி ஒட்டிக் கிடக்கு. காட்டன்வுட் மரத்துப் பஞ்சு, மண், பூச்சி இறக்கை, எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சு வைக்க எப்பவோ கசிஞ்ச ஆயில். விரல்ல நெம்பினா பாய் மாதிரி உரிஞ்சு வருதாம். முன்னாலயிருந்து பார்த்தா இதுல ஒரு துளி கூடத் தெரியலைன்னு எழுதியிருக்கார். எப்படித் தெரியும், முன்னால மூணு அடுக்கு மறைக்குதே.

டிரெய்லர் இல்லாதப்ப மீதி மூணுல ரெண்டு பங்கு போதும். அதனாலதான் ஊருக்குள்ள ஒண்ணும் தெரியலை.

கழுவற முறை: பின்னாலயிருந்து முன்னால, அதாவது காத்து வர்ற திசைக்கு எதிரா. சாதாரண ஹோஸ் தண்ணி. ஆயில் பிசுக்கு இருந்தா அலுமினியத்தை அரிக்காத கிளீனரை ஊற வச்சு. பிரஷர் வாஷரைக் கிட்ட கொண்டு போகவே கூடாது, ஃபின் (ரேடியேட்டரோட மெல்லிய தகடுகள்) எல்லாம் சாய்ஞ்சு படுத்துடும், அப்புறம் பஞ்சு இருந்ததை விட மோசம். தண்ணி அந்தப் பக்கம் தெளிவா வர்ற வரைக்கும் பொறுமையா.

இன்னொண்ணு. படத்துல ரேடியேட்டர் ஓரங்கள்ல இருக்க வேண்டிய ஃபோம் பட்டை ஒரு பக்கம் இல்லை. காத்து எப்பவும் சுலபமான வழியைத்தான் தேடும். இடைவெளி இருந்தா ஃபின்னுக்குள்ள நுழையாம சுத்திக்கிட்டுப் போயிடும். கடையில கிடைக்கிற மூடிய செல் ஃபோம் பட்டை வாங்கி ஒட்டினா போதும், பத்து இருபது டாலர்.

ஜூன் 16

டெக்ஸஸ்ல இருந்து ஒருத்தர், "இஜிஆரை எடுத்துடுங்க, எல்லாம் சரியாயிடும்"னு போட்டிருக்கார். இஜிஆர்ங்கிறது வெளியே போற புகையில ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்பற புகைக்கட்டுப்பாட்டுக் கருவி.

முதல்ல, அது சட்டவிரோதம். அமெரிக்காவுல சுத்தக் காற்றுச் சட்டப்படி புகைக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கழட்டக்கூடாது. 2009-லிருந்து ஒரு பத்து வருஷத்துல அஞ்சரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்ல இதைச் செஞ்சிருக்காங்கன்னு சுற்றுச்சூழல் முகமை 2020-ல சொன்னது.  பீனிக்ஸ் பக்கம் பதிவு பண்ற வண்டிக்குப் புகை டெஸ்ட்டும் உண்டு.

ரெண்டாவது, உங்க பிரச்சினைக்கும் அதுக்கும் தொடர்பே இல்லை. இஜிஆர் வால்வு திறந்திருக்கிறது லேசான லோடுல. ஏற்றத்துல முழு மிதி மிதிக்கும்போது எஞ்சினுக்குக் கிடைக்கிற காத்தெல்லாம் வேணும், அதனால வால்வு மூடிக்கும். மூடின வால்வு கூலன்ட்டுக்கு எந்தச் சூட்டைக் கொடுக்கும்? சமவெளியில நிதானமா போறப்ப இஜிஆர் கூலர் கூலன்ட்டுல சூடு கொட்டறது நிஜம்தான். ஆனா அப்ப ரேடியேட்டருக்கு வேலையே கிடையாது.

ஜூன் 20

ஏசி போட்டுக்கிட்டு ஏறலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க.

கலிஃபோர்னியாவுல ஐ-15, பேக்கர் ஏற்றத்துல, சூடாகாம இருக்க ஏசியை அணைங்கன்னு போர்டே வச்சிருக்காங்க, வழியில ரேடியேட்டருக்குத் தண்ணியும் உண்டு. அது எல்லா வண்டிக்கும் சேர்த்துச் சொன்னது. இன்னொரு பக்கம், ஒரு வண்டி எவ்வளவு எடை இழுக்கலாம்னு டோ ரேட்டிங் கொடுக்கிறதுக்குன்னு வாகனப் பொறியாளர் சங்கத்தோட எஸ்ஏஇ ஜே2807ன்னு ஒரு விதிமுறை இருக்கு. அதுல வர்ற ஏற்றம் நம்ம அரிசோனாவுலதான்: புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் அணையில ஆரம்பிச்சு 68-ஆம் நெடுஞ்சாலையில யூனியன் பாஸ் வரைக்கும் 11 மைலுக்கு மேல. 100 டிகிரி வெயில், ஏசி முழுசா ஓடணும், முழு எடை பின்னால. ஆனா அந்தச் சோதனை கேட்கிற வேகம் எவ்வளவு தெரியுமா? பின்னால பக்கத்துக்கு ஒரு சக்கரம் இருக்கிற வண்டிக்கு 40 மைலுக்குக் கீழ போகக்கூடாது, பக்கத்துக்கு ரெண்டு இருந்தா 35. அவ்வளவுதான். கம்பெனிக்காரன் ஏசியோட பாஸ் பண்ணிக் காட்ட வேண்டிய வேகமே 40. நாம 65-ல ஏறி, சூடாகுதேன்னு கேட்கிறோம்.

உங்க வண்டி அந்த விதிமுறை வர்றதுக்கு முன்னால செஞ்சது. அது வேற.

ஏசியோட கண்டென்சர் முதல் அடுக்குல உட்கார்ந்து, தான் பிடுங்கின சூட்டைப் பின்னால வர்ற எல்லாத்துக்கும் கொடுக்குது. இன்டர்கூலர் கதையும் அதே. டியூன் போட்டுப் பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) கூடினா டர்போ தள்ற காத்து இன்னும் சூடாகும், அதைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால நிக்குது. ரேடியேட்டருக்கு வந்து சேர்ற காத்து வெளியில இருக்கிற 110 டிகிரியாவே இருக்காது.

வெளியில 60 டிகிரின்னா கூலன்ட்டுக்கும் காத்துக்கும் இருக்கிற வித்தியாசம் 150 டிகிரி. வெளியில 110-னா 100 தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன், மூணுல ஒரு பங்கு திறமை காணாமப் போச்சு. பீனிக்ஸ்ல போன வருஷம், 2023-ல, 110-க்குக் குறையாம தொடர்ந்து 31 நாள் இருந்தது. அந்த ஊர்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு டிரெய்லரை மாட்டிக்கிட்டு வடக்கே கிளம்பறவங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. விடியக் காலை நாலு மணிக்குக் கிளம்பினா காசு செலவில்லாம கிடைக்கிற ரேடியேட்டர் அது.

ஜூன் 23

கியர் பத்தி சண்டை நடக்குது போல. "ஆர்பிஎம் ஏத்தினா எஞ்சின் சூடாகும், நாலாவதுலயே விடு, டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை) இருக்கு"ன்னு ஒருத்தர்.

டார்க் இருக்கிறதுதான் சிக்கல். ஒரே சக்தியைக் குறைஞ்ச ஆர்பிஎம்ல எடுத்தா ஒவ்வொரு வெடிப்புலயும் எரிபொருள் கூட விழணும். பிஸ்டன் மேல அழுத்தம், இஜிடி, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) மேல இழுப்பு எல்லாம் கூடும். அதே நேரம் வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவா சுத்தும், ஏன்னா ரெண்டும் எஞ்சினோட கட்டிப்போட்டது. சூடு கூட, குளிர்ச்சி குறைவு.

உங்க அஞ்சு கியர் அலிசன் கியர்பாக்ஸ்ல நாலாவது ஒண்ணுக்கு ஒண்ணு, மூணாவது 1.41. 3.73 ஆக்ஸிலோட 50 மைல்ல நாலாவதுல சுமார் 2,100 ஆர்பிஎம் வரும். 45-க்கு இறங்கி மூணாவதுல போட்டா 2,700 பக்கம். வாட்டர் பம்ப் கால் பங்குக்கு மேல வேகமா சுத்துது, எஞ்சின் கேட்கிற சக்தியும் குறைஞ்சிருக்கு. சத்தம் கேட்டு பயப்படாதீங்க, 3,000 வரைக்கும் அந்த எஞ்சினுக்குச் சாதாரணம்.

சூடானா மட்டும் ஃபேனை எஞ்சினோட இறுக்கிச் சுத்த வைக்கிற ஃபேன் கிளட்ச் பத்தியும் சொல்லிடறேன். நடுவுல ஒரு சுருள் பட்டை இருக்கும். அது பார்க்கிறது கூலன்ட் சூட்டை இல்லை, ரேடியேட்டர் வழியா வர்ற காத்தோட சூட்டை. அதனால முள் ஏறின பிறகுதான் ஃபேன் பிடிக்கும், கொஞ்சம் தாமதமாவே. பிடிச்சா காதுக்குத் தெரியும், விமானம் கிளம்பற மாதிரி ஒரு இரைச்சல். ஏற்றத்துல 215, 220 வந்தும் அந்த இரைச்சல் வரலைன்னா கிளட்ச் செத்துப்போச்சு. எஞ்சின் ஆஃப்ல கையால சுத்திப் பாருங்க, தடையே இல்லாம ரெண்டு மூணு சுத்து ஓடினாலும் அதே அர்த்தம். மேடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கியரைக் குறைச்சுட்டா ஃபேனும் தண்ணியும் முன்கூட்டியே வேகம் எடுத்துடும். சூடானதுக்கு அப்புறம் இறக்கறதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம்.

என் வண்டி எஞ்சின் 5.9 கம்மின்ஸ் டீசல், அதுவும் லேசா டியூன் பண்ணினதுதான். அதே ஐ-17ல கேம்ப் வெர்டிக்கு அப்புறம் வர்ற நீண்ட ஏற்றத்துல 45-க்கு மேல விடறதில்லை. பெரிய லாரிக்காரங்களோட வலது லேன்ல ஃபிளாஷரைப் போட்டுக்கிட்டு ஏறிடுவேன். பின்னால வர்றவங்க ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

ஜூன் 24

எல்எல்ஒய்-க்குன்னே ஒரு பழைய விஷயம் விட்டுப்போச்சு. 2004 நடுவுல இருந்து வந்த இந்த எஞ்சின்ல டர்போவுக்குக் காத்து நுழையற வாய்க்குழாய் குறுகலா இருக்கும். டர்போ அதிகமா உறிஞ்சி அதிகமா சுத்தி, காத்தை அதிகமா சூடாக்கும். 2006-ல வந்த அடுத்த டியூராமேக்ஸ், எல்பிசட்டோட வாய்க்குழாய் அகலம். அதை வாங்கி எல்எல்ஒய்-ல மாட்டிக்கிறது ரொம்ப நாளா எல்லாரும் செய்றது. ஷ்ரவுட் கழட்டியே இருக்கீங்க, ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை பார்த்துடுங்க. ஃபில்டர் அடைச்சிருந்தாலும் விளைவு அதேதான்.

ஜூன் 28

ஃபோர்டோட 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் வச்சிருந்து, அதுவும் சூடாகுதுன்னு கேட்ட நண்பருக்கு: உங்க எஞ்சின் வேற, விடையும் வேற. உங்க எஞ்சின்ல ஆயில் கூலர் உள்ளே இருக்கு, அதோட நுண்ணிய கூலன்ட் வழிகள் குப்பை சேர்ந்து அடைச்சுக்கும். ஓபிடி ரீடரை (வண்டிக் கம்ப்யூட்டர்ல இருந்து அளவுகளைப் படிக்கிற கருவி) மாட்டி, நல்லா சூடான பிறகு நெடுஞ்சாலையில நிதானமா ஓட்டி, ஆயில் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் சேர்த்துப் பாருங்க. ஆயில் 15 டிகிரிக்கு மேல அதிகமா இருந்தா கூலர் அடைக்க ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் இஜிஆர் கூலருக்குத் தண்ணி போதாம அது வெடிக்கும், அதுக்கப்புறம் ஹெட். அந்த 15-ஐப் பார்த்த அன்னிக்கே டிரெய்லரைக் கழட்டி வச்சுடுங்க.

ஓபிடி ரீடர் எல்லாரும் வாங்குங்க. டேஷ்போர்டு முள் பல வண்டிகள்ல ஒரு எல்லை வரைக்கும் நடுவுலேயே நிக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. அது அசையும்போது காலம் கடந்துபோயிருக்கும்.

ஜூலை 3

கூலன்ட் கலவை. "வெயில் ஊரு, கெட்டியா ஊத்தினா நல்லது"ங்கிறது தப்பு. சூட்டைச் சுமக்கிறது தண்ணி, அதோட கலக்கிற கிளைக்கால் (உறையாம காக்கிற திரவம்) இல்லை. பாதிக்குப் பாதி போதும். அதுக்கு மேல கிளைக்கால் ஏத்தினா அதே ரேடியேட்டர்ல குளிர்ச்சி குறையும்.

கூலன்ட் டேங்க் மூடியைப் பத்தி யாரும் பேசறதில்லை. பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்துல 223 டிகிரி பக்கம் கொதிக்கும். 15 பவுண்டு அழுத்தம் பிடிக்கிற மூடி போட்டா 265 பக்கம் போகும். இதெல்லாம் கடல் மட்டத்துக் கணக்கு. ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. அங்கே வெறும் தண்ணி 199-லேயே கொதிக்குது. மூடியோட ரப்பர் காய்ஞ்சு அழுத்தம் பிடிக்காம விட்டா, 240-ங்கிறது ஆபத்தான இடம். எஞ்சினுக்குள்ள ஹெட் பக்கம் அங்கங்கே நீராவி கிளம்பும், நீராவி இருக்கிற இடத்துல உலோகத்தைக் குளிர வைக்க ஒண்ணும் இல்லை. மூடி இருபது டாலர் கூட ஆகாது, புதுசா மாட்டுங்க.

நடு ஏற்றத்துல சூடாயிட்டா: ஓரங்கட்டுங்க, உடனே எஞ்சினை அணைக்காதீங்க. நியூட்ரல்ல 1,200, 1,500 ஆர்பிஎம்ல விடுங்க, கேபின் ஹீட்டரை முழுசா போடுங்க, கண்ணாடியை இறக்குங்க. டர்போவும் ஆறணும். ஆனா கூலன்ட் கொட்டியிருந்தாலோ, நீராவி வந்தாலோ உடனே அணைங்க, தண்ணி இல்லாம ஓட்டறது அதை விடப் பெரிய கேடு. எந்த நிலைமையிலும் சூட்டோட மூடியைத் திறக்காதீங்க. குழந்தைகளைச் சாலைக்கு வெளிப் பக்கம் இறக்குங்க, தடுப்புக்கு அந்தப் பக்கம்.

ஜூலை 7

தம்பி போய்ட்டு வந்தாச்சு. கழுவி, ஃபோம் ஒட்டி, புது மூடி போட்டு, டியூனரை முதல் லெவல்ல வச்சு, காலையில இருட்டோட கிளம்பி, மூணாவது கியர்ல 45 மைல். சன்செட் பாயின்ட்ல அதிகபட்சம் 219. ஃபேன் இரைச்சல் நல்லா கேட்டதாம். ரேடியேட்டர் காசு மிச்சம்.

ரொம்ப சந்தோஷம். ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு உறுத்துது: "ஊர் திரும்பி மறுநாள் காலையில பார்த்தா கூலன்ட் டேங்க்ல கால் லிட்டர் குறைஞ்சிருக்கு, கசிவு எங்கேயும் இல்லை."

ஜூலை 8

நேத்தைக்குச் சொன்னதைத் தொடர்றேன். ரெண்டு டெஸ்ட், ரெண்டும் வீட்டிலேயே.

ஒண்ணு, ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால பிசைஞ்சு பாருங்க. ஆறின எஞ்சின்ல அழுத்தம் இருக்கக்கூடாது, ஹோஸ் தொளதொளன்னு அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள்ள நுழைஞ்சு ராத்திரி முழுக்க அங்கேயே நின்னிருக்குன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கு.

ரெண்டு, பிளாக் டெஸ்ட் கிட். நீல நிறத் திரவத்தை டேங்க் வாயில வச்சு, டேங்க்ல இருக்கிற காத்தை அது வழியா இழுக்கணும். எரிஞ்ச வாயு கலந்திருந்தா நீலம் நிறம் மாறும். டீசல்ல மாற்றம் மெதுவா, லேசாத்தான் தெரியும், அதனால எஞ்சின் நல்லா சூடான பிறகு செய்யுங்க. வண்டி உதிரிபாகக் கடைகள்ல டெபாசிட் கட்டி இரவல் வாங்கலாம்.

இந்த எஞ்சின்ல கேஸ்கெட் ஆரம்பத்துல முழு லோடுல மட்டும்தான் விடும். ஐடில்ல டெஸ்ட் சுத்தமா வரும், டிரெய்லரோட ஏறினா டேங்க் மூடி வழியா கூலன்ட்டைத் துப்பும். அதனால நீலம் மாறலைன்னாலும் முடிவு பண்ணிடாதீங்க, டிரெய்லரோட ஒரு ஏற்றம் ஏறிட்டு வந்து மறுநாள் காலையில ஹோஸை மறுபடியும் பிசைங்க. 240 வரைக்கும் எத்தனை தடவை போயிருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஜூலை 9

கழுவும்போது காத்துக்குமிழி உள்ளே மாட்டியிருந்தா அது வெளியேறி, அளவு கால் லிட்டர் குறையறதும் நடக்கும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வெளிப்பக்கம் கழுவினா உள்ளே காத்து போகாது. ஆனா தம்பி அதுக்கு முன்னால தெர்மோஸ்டாட்டும் பம்பும் மாத்தினவர், அப்ப மாட்டின காத்து இப்ப வந்திருக்கலாம். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. நிரப்பிட்டு அளவைக் குறிச்சு வைங்க, டேங்க்ல ஒரு டேப் ஒட்டினா போதும். டிரெய்லரோட அடுத்த ஏற்றத்துக்கு அப்புறமும் டேப்புக்குக் கீழ போனா அது காத்து இல்லை.

ஹோஸும் கிட்டும் என்ன சொல்லுதுன்னு இங்கேயே போடுங்க தம்பி. அது வரைக்கும் டிரெய்லர் வீட்டுலயே நிக்கட்டும்.